வெளிவராத கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டை அறிமுகப்படுத்தினார். விலை 549 டாலர், வேகம் முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-க்குச் சமம் என்றார். 4090 வெளியானபோது அதன் விலை 1,599 டாலர். கேட்கவே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கார்டுகளின் விவரங்களும் அப்போதே பொதுவில் கிடைத்தன: 5070-இல் 6,144 கோர் (கணக்குப் போடும் சிறு அலகு), 4090-இல் 16,384 கோர். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தவர்கள் அன்று இரவே நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள். மார்ச்சில் சோதனை முடிவுகள் வந்தபோது 5070 முந்தைய தலைமுறை 4070 சூப்பருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அந்தக் கணக்கைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது இந்தக் கட்டுரை. எடுத்துக்கொள்வது நடுத்தர விலை கார்டுகளை மட்டும், தோராயமாக 250 முதல் 600 டாலர் வரை. என்விடியாவில் 60, 70 என்று முடிகிறவை, ஏஎம்டியில் 7600, 9060 எக்ஸ்டி, 9070 போன்றவை, இன்டெலில் பி580. உச்சியில் இருக்கும் கார்டுகளில் எல்லாமே தாராளம். நடுத்தரத்தில்தான் நிறுவனங்கள் எதைக் கொடுப்பது, எதைக் குறைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்கின்றன. எதில் கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் கை வைக்கும் இடம் மெமரி.

படி 1: எண்களைத் திரட்டுங்கள்

வேண்டியவை இவ்வளவுதான்: கோர் எண்ணிக்கை, பூஸ்ட் கிளாக் (கோர்கள் ஓடும் வேகம்), மெமரி பஸ்ஸின் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவிலுள்ள பாதையின்) அகலம், மெமரியின் வேகம், மெமரியின் அளவு, எல்2 கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி), எத்தனை வாட். சிப்பின் பெயரும் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். கார்டின் பெயர் சொல்லாததைச் சிப்பின் பெயர் சொல்லிவிடும். 3060-இல் இருந்தது ஜிஏ106, 4060-இல் இருந்தது ஏடி107. பெட்டியின் மேல் அதே 60, உள்ளே ஒரு படி கீழே இருக்கும் சிப்.

அறிவிப்பு வந்த பிறகு இதெல்லாம் நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கும். அதற்கு முன்பு கசிவுகளை நம்பித்தான் ஆக வேண்டும். எல்லாக் கசிவுகளுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. சிப்பின் வடிவமும் அதன் முழு பஸ் அகலமும் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறவை, அவை கசியும்போது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கிளாக்கும் வாட்டும் கடைசி வாரங்களில் மாறலாம். விலையைப் பற்றி வரும் கசிவை நான் கண்டுகொள்வதே இல்லை. ஆர்எக்ஸ் 7600-ஐ ஏஎம்டி முதலில் 299 டாலருக்குத் திட்டமிட்டு, கடைக்கு வருவதற்குச் சற்று முன்புதான் 269 ஆக்கியது. ஆர்எக்ஸ் 9070 கார்டுகளை 2025 ஜனவரியில் காட்டிவிட்டு, விலையை பிப்ரவரி 28-ஆம் தேதிதான் சொன்னது. அவர்களே முடிவு செய்யாத ஒன்று எப்படிக் கசியும்?

கிளாக் மட்டும் தெரியவில்லை என்றால், சிப் எந்த ஆலையில், எந்தத் தொழில்நுட்பத்தில் தயாராகிறது என்று பாருங்கள். 3060 சாம்சங்கின் 8 நானோமீட்டரில் தயாரானது, பூஸ்ட் கிளாக் 1.78 ஜிகாஹெர்ட்ஸ். 4060 டிஎஸ்எம்சியின் 4என் முறைக்கு மாறியது, கிளாக் ஒரே தாவலில் 2.46 ஆனது. 5060-இல் அந்த மாதிரி மாற்றம் எதுவும் இல்லை, கிளாக் 2.50. ஆலை முறை மாறாத தலைமுறையில் கிளாக் பெரிதாக ஏறும் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

படி 2: இரண்டு பெருக்கல்

முதல் கணக்கு, கார்டின் கணக்கிடும் திறன். கோர் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி, அதை ஜிகாஹெர்ட்ஸால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் டெராஃப்ளாப்ஸ் வரும், அதாவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு என்பது. 4060-க்கு 3,072 × 2 × 2.46 = 15,114, அதாவது 15.1. அதே முறையில் 3060-க்கு 12.8.

இரண்டாவது கணக்கு, மெமரியின் பேண்ட்வித், அதாவது மெமரிக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு எவ்வளவு தகவல் போக முடியும் என்பது. பஸ் அகலத்தை மெமரி வேகத்தால் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். 4060-இல் 128 பிட் பஸ், 17 ஜிகாபிட் மெமரி. 128 × 17 ÷ 8 = 272, நொடிக்கு 272 ஜிபி. 3060-இல் 192 பிட், 15 ஜிகாபிட், ஆகவே 360.

இவ்வளவுதான் கணிதம். இனி வருவதெல்லாம் இந்த எண்களை எங்கே நம்புவது, எங்கே நம்பக்கூடாது என்பது.

படி 3: எதோடு ஒப்பிடுவது என்று தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. டெராஃப்ளாப்ஸை வைத்துத் தலைமுறை விட்டுத் தலைமுறை தாவி ஒப்பிட்டால் தலைகீழான விடை வரும்.

2019-இல் வந்த 2060-க்கு 6.5 டெராஃப்ளாப்ஸ். 2021-இல் வந்த 3060-க்கு 12.8. காகிதத்தில் இரட்டிப்பு. விளையாட்டில் கிடைத்ததோ சுமார் 15 முதல் 20 சதவீதம். காரணம், கோரை எண்ணும் முறையே மாறியிருந்தது. 2060-இன் ஒவ்வொரு எஸ்எம் தொகுதியிலும் (என்விடியா கோர்களைச் சேர்த்து வைக்கும் கூட்டம்) தசமக் கணக்குக்கு 64 பாதை, முழு எண் கணக்குக்குத் தனியாக 64 பாதை. 3060-இல் அந்த இரண்டாவது 64-உம் தேவைப்பட்டால் தசமக் கணக்குச் செய்யும், அதனால் மொத்தம் 128 கோர் என்று எண்ணினார்கள். முழு எண் வேலை வரும்போது அந்தப் பாதைகள் அதற்குத்தான் போகும், விளையாட்டுகளில் அந்த வேலை நிறையவே உண்டு. தொகுதிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் 30-இலிருந்து 28-ஆகக் குறைந்துதான் இருந்தது.

ஏஎம்டியிலும் இதே கதைதான். 6650 எக்ஸ்டிக்கு 10.8, 7600-க்கு 21-க்கு மேல். இரண்டிலும் 32 சியூ தொகுதிகள் (என்விடியாவின் எஸ்எம் போல ஏஎம்டியின் தொகுதி). உண்மையான வித்தியாசம் ஐந்தாறு சதவீதம்தான். ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகளை ஓட்டும் வசதி புதிதாக வந்ததால் எண் இரட்டிப்பானது. அந்த வசதியை எல்லா விளையாட்டும் பயன்படுத்திக்கொள்வதில்லை. இன்டெலில் நேர் எதிர்: முந்தைய தலைமுறை ஏ770-இல் 32 எக்ஸ்இ கோர் (இன்டெலின் தொகுதி), பி580-இல் 20 மட்டும். ஆனாலும் பி580-தான் வேகம், ஏனென்றால் புதிய கோர் ஒவ்வொன்றும் கூடுதலாக வேலை செய்கிறது.

ஆகவே முதல் விதி, அதே தலைமுறையில் ஏற்கெனவே வெளிவந்து சோதிக்கப்பட்ட மிக நெருங்கிய உறவைப் பிடியுங்கள். இது பெரும்பாலும் கிடைத்துவிடும், ஏனென்றால் பெரிய கார்டுகளை முதலில் விற்பதுதான் வழக்கம். 5090-உம் 5080-உம் 2025 ஜனவரி இறுதியில் வந்தன, 5070 மார்ச்சில், 5060 டிஐ ஏப்ரலில், 5060 மே மாதத்தில். நடுத்தரக் கார்டு வரும்போது அண்ணன்மார்கள் எல்லோரும் பரீட்சை எழுதி முடித்திருப்பார்கள்.

அந்த அண்ணன்களின் மதிப்பெண்ணிலேயே தலைமுறையின் குணம் தெரிந்துவிடும். 5080-ஐ 4080 சூப்பரோடு வைத்துப் பாருங்கள். டெராஃப்ளாப்ஸ் 8 சதவீதம் கூடுதல், பேண்ட்வித் 736-இலிருந்து 960. விளையாட்டில் வந்தது பத்துச் சதவீதத்தைச் சுற்றி. அதாவது ஒரு கோர் தனியாகச் செய்யும் வேலை பெரிதாகக் கூடவில்லை. ஜனவரியிலேயே இது தெரிந்துவிட்ட பிறகு, மே மாதத்து 5060-இல் கோர்கள் திடீரென்று அற்புதம் செய்யும் என்று காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

படி 4: மெமரி கழுத்தை நெரிக்கிறதா என்று பாருங்கள்

நடுத்தரக் கார்டுகளில் மற்ற எதையும்விட இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும்.

2020 டிசம்பரில் வந்த 3060 டிஐயில் 16.2 டெராஃப்ளாப்ஸ், 256 பிட் பஸ், நொடிக்கு 448 ஜிபி. 2023 மே மாதம் அதே 399 டாலருக்கு வந்த 4060 டிஐயில் 22.1 டெராஃப்ளாப்ஸ், 128 பிட் பஸ், 288 ஜிபி. கணக்கிடும் திறன் 36 சதவீதம் கூடியிருக்கிறது, பேண்ட்வித் 36 சதவீதம் குறைந்திருக்கிறது. பரோட்டாக் கடையில் மாஸ்டர்களைக் கூட்டிவிட்டு, பிசைந்த மாவு வந்து சேரும் வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. 1080பி-இல் (1920 × 1080 பிக்சல்) சுமார் 10 சதவீத முன்னேற்றம். திரையின் பிக்சல் எண்ணிக்கை கூடக் கூட அதுவும் கரைந்து, 4கே-யில் சில விளையாட்டுகளில் பழைய கார்டே முந்தியது.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் என்விடியா எல்2 கேச்சை 4 எம்பியிலிருந்து 32 எம்பியாக உயர்த்தியிருந்தது. கல்லுக்குப் பக்கத்திலேயே உருட்டி வைத்திருக்கும் உருண்டைகள் மாதிரி. 1080பி-இல் தேவையான தகவலில் கணிசமான பகுதி அங்கேயே கிடைத்துவிடும். 4கே-யில் கிடைக்காது, மெமரிக்குத்தான் போக வேண்டும். பிக்சல் எண்ணிக்கையைப் பொறுத்து முடிவு மாறியதற்கு அதுதான் காரணம்.

ஒரு எளிய எண்ணை நான் பயன்படுத்துவதுண்டு. பேண்ட்வித்தை டெராஃப்ளாப்ஸால் வகுத்துவிடுங்கள்:

3060: 28
3060 டிஐ: 28
4060: 18
4060 டிஐ: 13
5060 டிஐ: 19
5060: 23

முதல் இரண்டும் பெரிய கேச் இல்லாத தலைமுறை, அவற்றை மற்றவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. பெரிய கேச் வந்த பிறகு 17, 18 இருந்தால் கார்டு மூச்சுவிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். 4060-க்கு 18 இருந்தது, டெராஃப்ளாப்ஸ் கணக்குப்படி 3060-ஐவிட 18 சதவீதம் கூடுதல், சோதனையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே வந்தது. 4060 டிஐ 13-இல் திணறியது. அடுத்து வந்த 5060 டிஐயில் டெராஃப்ளாப்ஸ் 7 சதவீதம்தான் கூடியது. ஆனால் ஜிடிடிஆர் 7 மெமரி வந்ததால் பேண்ட்வித் 288-இலிருந்து 448 ஆனது. விளையாட்டில் சுமார் 15 சதவீதம் கிடைத்தது, டெராஃப்ளாப்ஸ் கூடியதைப் போல இரு மடங்கு. கழுத்தில் இருந்த கை விலகினால் அப்படித்தான்.

எனவே வரப்போகும் கார்டில் இந்த எண் அதன் முன்னோடியைவிட ஏறினால் டெராஃப்ளாப்ஸ் கணக்குக்கு மேலே ஊகியுங்கள். 15-க்குக் கீழே இறங்கினால் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். இது என் கைக்கணக்கு, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஏஎம்டியின் டெராஃப்ளாப்ஸ் எண் மேலே சொன்னபடி ஊதிப் போயிருப்பதால், அங்கே டெராஃப்ளாப்ஸுக்குப் பதில் சியூ எண்ணிக்கையால் வகுப்பது நல்லது.

படி 5: ஒரு கார்டை முழுதாகக் கணித்துப் பார்ப்போம்

5060-ஐ எடுத்துக்கொள்வோம். இதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. 2025 மே 19 அன்று அது விற்பனைக்கு வந்தபோது, பெரும்பாலான விமர்சகர்களுக்கு அதற்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) முன்கூட்டியே தரப்படவில்லை. முதல் நாளில் வாங்க நினைத்தவர்களுக்கு ஒழுங்கான சோதனை முடிவுகள் கையில் இல்லை. ஆனால் அண்ணன் 5060 டிஐ ஒரு மாதம் முன்பே சோதிக்கப்பட்டிருந்தது, 5060-இன் விவரங்களும் அப்போதே அறிவிக்கப்பட்டிருந்தன.

கோர்: 3,840-ஐ 4,608-ஆல் வகுத்தால் 0.83. கிளாக்: 2.50-ஐ 2.57-ஆல் வகுத்தால் 0.97. இரண்டையும் பெருக்கினால் 0.81. பேண்ட்வித் இரண்டிலும் அதே 448, அங்கே குறைப்பே இல்லை.

ஆக, 5060 டிஐ நொடிக்கு 100 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) தரும் இடத்தில் 5060 குறைந்தது 81 தரும். மெமரி குறையாததால் அதற்கு மேலேதான் வரும். கோர்களைக் கழிக்கும்போது வேகம் அதே விகிதத்தில் விழுவதும் இல்லை, ஏனென்றால் பெரிய கார்டில் எல்லாக் கோர்களும் எல்லா நேரமும் வேலையில் இருப்பதில்லை. எனவே 82 முதல் 88 என்று எழுதி வைக்கலாம். பின்னால் வந்த சோதனைகள் இந்த வரம்பின் மேல் பக்கத்தில் அமைந்தன.

ஏஎம்டியில் ஒன்று, சுருக்கமாக. 9070 எக்ஸ்டியில் 64 சியூ, 640 ஜிபி பேண்ட்வித், 2.97 ஜிகாஹெர்ட்ஸ். 9060 எக்ஸ்டியில் 32 சியூ, 320 ஜிபி, 3.13 ஜிகாஹெர்ட்ஸ். ஒரு சியூவுக்கு 10 ஜிபி என்பது இரண்டிலும் சமம், மெமரி பற்றிய கவலை இல்லை. பாதி, அதோடு கிளாக்குக்காக 5 சதவீதம் சேர்த்தால் 52.5. மேலே சொன்ன காரணத்துக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்தால், 1440பி-இல் 54 முதல் 60. நடந்ததும் அதுதான்.

விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அதே சிப்பில் இரண்டு கார்டு என்றால் மூன்று நான்கு சதவீத அகலம் இருபுறமும் போதும். அதே தலைமுறை, வேறு சிப் என்றால் ஐந்தாறு. தலைமுறையே மாறினால் பத்து. எழுதும்போது 1080பி-க்கா 1440பி-க்கா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் பிறகு சரிபார்க்க முடியாது.

படி 6: மெமரியின் அளவு

வேகக் கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் கார்டு கவிழும் இடம் ஒன்று உண்டு. 5060 டிஐ இரண்டு வடிவில் வந்தது, 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். சிப் ஒன்று, பேண்ட்வித் ஒன்று. விளையாட்டுக்கு 8 ஜிபி போதும் வரை இரண்டும் ஒரே மாதிரி ஓடும். போதாமல் போனால் மிச்சத் தகவல் கணினியின் ரேமிலிருந்து, கார்டைக் கணினியின் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக வர வேண்டும். இந்தக் கார்டுகளில் அந்த வழி எட்டு லேன்தான். பிசிஐஇ 4.0 போர்டில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, பழைய 3.0 போர்டில் சுமார் 8. கார்டுக்குள்ளே 448 என்பதை நினைத்துக்கொண்டால், ஃப்ரேம்கள் ஏன் சரிவாக இறங்காமல் பள்ளத்தில் விழுகின்றன என்பது புரியும். சராசரி எண்ணில் இது பாதி மறைந்துவிடும், ஆகவே மிகக் குறைந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் எண்ணைத் தேடிப் பாருங்கள். டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரத்தை) கடைசி வரை ஏற்றி விளையாடுகிறவர் என்றால் 8 ஜிபி கார்டுக்கு என் கணிப்பை நான் எழுதுவதே இல்லை.

படி 7: நிறுவனத்தின் பட்டை வரைபடம்

அறிவிப்பு நாளில் வரும் பச்சைப் பட்டைகளில் பெரும்பாலானவை ஃப்ரேம் ஜெனரேஷனோடு அளந்தவை. என்விடியாவின் மென்பொருள் வசதியான டிஎல்எஸ்எஸ் 3-இல் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் ஒன்று செயற்கையாகச் சேரும், டிஎல்எஸ்எஸ் 4-இல் மூன்று வரை சேரும். பழைய கார்டுக்கு ஒன்று, புதியதற்கு மூன்று என்று ஓட்டினால் எந்தக் கார்டும் இரட்டிப்பாகத் தெரியும். கீழே பொடி எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள். அந்த வசதி இல்லாத ஒரு விளையாட்டு எப்படியும் ஓரத்தில் இருக்கும், 2025-இல் அது ஃபார் க்ரை 6. அந்தக் குட்டைப் பட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கோடு அது ஒத்துப் போனால் மற்றவற்றைப் பார்க்க வேண்டியதில்லை.

படி 8: உங்கள் கணினி

கணித்த வேகம் உங்கள் வீட்டில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. சோதனை செய்கிறவர்கள் இருப்பதிலேயே வேகமான ப்ராசஸரில் கார்டைப் போடுவார்கள். 249 டாலர் பி580 அந்த மேசைகளில் நன்றாக ஓடியது. ரைசன் 5 2600 மாதிரியான பழைய ப்ராசஸரில் போட்டபோது, டிரைவர் வேலை ப்ராசஸர் தலையில் கூடுதலாக விழுந்ததால் சில விளையாட்டுகளில் வெகுவாகப் பின்தங்கியது. இந்த விலையில் கார்டு வாங்குகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்த மாதிரிப் பழைய ப்ராசஸர்தான் என்பது வேடிக்கை. டாலர் விலையை ரூபாயாக மாற்றும்போதும் கவனம், அமெரிக்க விலையில் வரி சேராது, இங்கே ஜிஎஸ்டி தனி.

பயிற்சிக்கு ஒன்று

2023 முதல் 2025 வரை வந்த நடுத்தரக் கார்டுகளில் பெரும்பாலும் இருந்தவை 2 ஜிபி மெமரி சிப்கள். ஒவ்வொரு சிப்பும் பஸ்ஸில் 32 பிட் எடுத்துக்கொள்ளும். 128 பிட்டில் நான்கு சிப், 8 ஜிபி. 192 பிட்டில் ஆறு, 12 ஜிபி. போர்டின் இரு பக்கமும் வைத்தால் இரட்டிப்பு. ஜிடிடிஆர் 7-இல் 3 ஜிபி சிப்களும் வந்துவிட்டன, 24 ஜிபி கொண்ட லேப்டாப் 5090-இல் இருப்பவை அவைதான். இப்போது 5070-இன் அதே 6,144 கோர், அதே 192 பிட், அதே 28 ஜிகாபிட் மெமரியோடு, 3 ஜிபி சிப்கள் வைத்த ஒரு கார்டு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அளவு 6 × 3 = 18 ஜிபி. பேண்ட்வித் 192 × 28 ÷ 8 = 672, மாற்றமில்லை. டெராஃப்ளாப்ஸ் 31-ஐ ஒட்டி, மாற்றமில்லை. 12 ஜிபிக்குள் ஓடும் விளையாட்டில் எத்தனை சதவீதம் முன்னேற்றம் எழுதுவீர்கள்? நான் பூஜ்ஜியம் முதல் மூன்று என்று எழுதுவேன், அந்த மூன்றும் வாட்டைக் கூட்டிக் கிளாக்கை ஏற்றினால்தான்.